புகைபோக்கியும் பூநாரையும்

தொழிற்சாலை ஊர் என்றதும் நம் மனத்தில் புகை எழும்புகிறது. வனாந்தரம் என்றதும் மலை எழும்புகிறது. இரண்டும் அக்கம் பக்கமாக வாழும் ஊர்களும் உலகத்தில் உண்டு. கோயம்புத்தூரில் பஞ்சாலைத் தொழிலாளி வேலை முடிந்து வெளியே வந்தால், மேற்கே மருதமலையும் அதற்கப்பால் மேற்குத் தொடர்ச்சி மலையும் அவருக்குத் தரிசனம் கொடுக்கும். வடசென்னைவாசிக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. அவருக்கு வாய்த்த மலைகள் இரண்டே. ஒன்று கொடுங்கையூர்க் குப்பை மலை. மற்றொன்று அனல் மின்சார நிலையத்தின் சாம்பல் மேடு. இரண்டும் சுயம்புவல்ல, மனித யத்தனத்தால் உண்டானவை. ஸ்தல புராணம் பாட இன்னும் புலவர் எவரும் முன்வரவில்லை!

ஆனால் வனாந்தரம் என்பது மலையாகவே இருக்க வேண்டும் என்று எந்தச் சாஸ்திரம் சொல்கிறது? நீர் வனாந்தரம் என்றும் ஒன்று உண்டு. அதைப் பார்க்க விரும்பும் நேயர்கள் ராயபுரத்திலிருந்து கடலோரமாகவே வடக்கு நோக்கிப் புறப்பட வேண்டும்.

புறப்படும் இடமே சரித்திரப் பிரசித்தி பெற்றது. 1856-ஆம் வருஷத்தில் தென்னிந்தியாவின் முதல் ரயில் வண்டி ராயபுரம் ஸ்டேஷனிலிருந்துதான் கிளம்பிற்று. காசிமேட்டு மீன்பிடி துறைமுகத்தையும் தண்டையார்ப்பேட்டையையும் தாண்டினால் திருவொற்றியூர். தியாகராஜப் பெருமானும் வடிவுடையம்மனும் கோயில் கொண்ட ஊர். செல்வமெல்லாம் வீண் என்று உதறிவிட்டு வந்த பட்டினத்தார் சமாதி கொண்டதும் இங்கேதான். அதே ஊரில் பின்னர் செல்வத்தை உற்பத்தி செய்யும் யந்திரசாலைகள் வரிசையாக எழும்பின என்பதைப் பட்டினத்தார் பார்த்திருந்தால் புன்னகை புரிந்திருப்பார். 1955-இல் ஆரம்பமான என்பீல்டு இந்தியா கம்பெனியின் புல்லட் மோட்டார் சைக்கிள் இங்கே உருவாகி, தேசமெங்கும் கடகடவென்று ஓடிற்று. விம்கோ தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரோ ஒரு நகருக்கும், 2021-இல் திறக்கப்பட்ட மெட்ரோ ரயில் நிலையத்துக்கும் பெயராகவே நிலைத்துவிட்டது.

இன்னும் வடக்கே போனால் எண்ணூர். சுதந்திரம் வந்த மறு வருஷமே, 1948-இல், அசோக் மோட்டார்ஸ் கம்பெனி தோன்றிற்று. அதன் தொழிற்சாலை எண்ணூரில் அமைந்தது. முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி அனுப்பியவர்கள், 1955-இல் லேலண்டுடன் சேர்ந்து லாரியும் பஸ்ஸும் செய்யத் தொடங்கினார்கள். அந்நியத் துணியைக் கொளுத்திய தலைமுறை, "நம் தேசத்து யந்திரத்தை நாமே செய்கிறோம்" என்று மார்தட்டிக்கொண்ட காலம் அது. அந்தப் பெருமிதம் நியாயமானதே. இன்று வசதியாக உட்கார்ந்துகொண்டு அதைப் பழிப்பது அழகல்ல.

இந்த யந்திரசாலைகளைத் தாண்டியதும் திடீரென்று பூமி முடிந்துவிடுகிறது. கொசஸ்தலை ஆறும், பக்கிங்காம் கால்வாயும், வங்காள விரிகுடாவும் ஒன்றையொன்று சந்திக்கும் எண்ணூர்க் கழி கண்முன் விரிகிறது. அங்கிருந்து வடக்கே பழவேற்காடு ஏரி வரையில் உப்பளமும், சேறும், கண்டற் செடியும், மணல் மேடும், தண்ணீருமாகவே கிடக்கின்றன. பனிக்காலத்தில் பூநாரைகள் கூட்டமாக வந்து இறங்குகின்றன. இயற்கை அன்னை அந்தப் பக்கம் சிவப்பும் வெள்ளையுமாகக் கோலம் போடுகிறாள். புகைபோக்கி இந்தப் பக்கம் கறுப்புக் கோலம் போடுகிறது. ஒரு காலத்தில் கும்பினித் துரைமார்கள் காற்று வாங்குவதற்கென்றே எண்ணூருக்கு வந்து பங்களா கட்டினார்கள். இன்று காற்று வாங்குவதற்காக எண்ணூருக்குப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் அவரை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்.

இந்த ஊர்க்காரர்களுக்குக் கடியாரங்கள் இரண்டு. ஆலைச் சங்கு ஒன்று. கடலின் ஏற்றவற்றம் மற்றொன்று. ஒரே தெருவில், சில சமயம் ஒரே வீட்டில், அண்ணன் சங்குக்குக் கட்டுப்பட்டவன். தம்பி ஓதத்துக்குக் கட்டுப்பட்டவன். அண்ணனுக்கு மாதச் சம்பளம். தம்பிக்கு அன்றாடம் மீனும் நண்டும் இறாலும். ஆலையில் கதவடைப்பு வந்தால் கழி சோறு போடும். கழியில் மீன் இல்லையென்றால் ஆலைச் சம்பளம் கை கொடுக்கும்.

கழியின் தொழில் நுட்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருளர் குலத்து ஆண்களும் பெண்களும் மார்பளவுத் தண்ணீரில் அமர்ந்து, சேற்றைக் கைகளால் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட்டுவைக்கும் ஓலைப் பறியைப் பற்களால் கடித்துக்கொண்டிருப்பார்கள். வலையும் இல்லை, படகும் இல்லை. பத்து விரல்களே மூலதனம். பழவேற்காட்டு மீனவர்களிடையே "பாடு" என்ற முறை இருக்கிறது. எந்த நாளில் எந்தத் துறையில் யார் வலை கட்டுவது என்பதை முறைவைத்துப் பங்கிட்டுக் கொள்கிறார்கள். பொதுச் சொத்தை அனுபவிக்கும் வித்தையை அவர்கள் எந்தச் சர்வகலாசாலையிலும் கற்கவில்லை.

இந்த இரண்டு கடியாரங்களில் ஒன்று இப்போது நின்றுகொண்டிருக்கிறது என்பதே நாம் சொல்ல வந்த சமாசாரம்.

1970-இல் எண்ணூர் அனல் மின்சார நிலையம் வேலை தொடங்கிற்று, 2017-இல் மூடப்பட்டது. அதற்குள் வடசென்னை, வல்லூர் என்று வேறு பெரிய நிலையங்கள் வந்துவிட்டன. நிலக்கரி எரிந்த சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே குட்டைக்கு அனுப்பினார்கள். குழாய் உடைந்த இடங்களில் சாம்பல் கழியில் பாய்ந்து படிந்தது. தோணி மிதந்த ஆழத்தில் மனிதன் நடக்கலாம் என்று ஆயிற்று. 2022-ஆம் வருஷம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மின்சாரக் கழகத்தைப் பொறுப்பாளியாக்கித் தீர்ப்புச் சொல்லிற்று.

2017 ஜனவரி 28-ந் தேதி காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கரையெல்லாம் எண்ணெய் ஒதுங்கிற்று. ராட்சதக் கப்பல்களை ஓட்டும் யுகத்தில், அந்த எண்ணெயை அள்ளுவதற்கு நம் கையில் இருந்த ஆயுதம் வாளி! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது, மணலிப் பக்கத்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து கழிக்குள் வந்தது. அந்த மாதம் 26-ந் தேதி நள்ளிரவில், ஓர் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பத்து ஜனங்கள் கண் எரிந்து, மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள்.

இவை போதாவென்று, "காக்கா ஆழி" என்று மீனவர்கள் அழைக்கும் ஒரு சிப்பியும் வந்து சேர்ந்திருக்கிறது. தென் அமெரிக்கக் கரையைச் சேர்ந்த இது, கப்பல்களின் அடித்தட்டு நீரோடு வந்திருக்க வேண்டுமென்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். சேற்றின்மேல் பாய் விரித்ததுபோல் அது படர்ந்துவிட்டால், இறால் புதைந்து வாழ இடம் ஏது? பத்து விரல்களுக்கு வேலை ஏது?

"அது எண்ணூர்க்காரர் கஷ்டம், நமக்கென்ன?" என்று மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் இருக்கும் நேயர்கள் எண்ணலாம். இரண்டு காரணங்களைச் சொல்கிறோம்.

முதலாவது, நம் வீட்டு விசிறி சுழல்வதற்காகவே அங்கே சாம்பல் விழுகிறது. காற்று நமக்கு, கரி அவர்களுக்கு என்ற பங்கீட்டைப் பாடு முறை தெரிந்த எந்த மீனவரும் நியாயம் என்று ஒப்பமாட்டார்.

இரண்டாவது, தீரர் சத்தியமூர்த்தி சென்னை மேயராக இருந்தபோது, நகரத்தின் தாகம் தீரக் கொசஸ்தலை ஆற்றில் பூண்டி நீர்த்தேக்கம் கட்ட முயற்சி எடுத்தார். 1944-இல் அது முடிந்தபோது பார்க்க அவர் உயிரோடு இல்லை. அவர் பெயர் மட்டும் அதில் நிலைத்தது. பெருமழையில் பூண்டி நிரம்பினால் உபரி நீர் எண்ணூர்க் கழி வழியாகத்தான் கடலுக்குப் போகவேண்டும். குடிக்கும் தண்ணீருக்குத் தலைவாசல் பூண்டி. வெள்ளத்துக்குப் புழக்கடை வாசல் எண்ணூர். புழக்கடையைச் சாம்பலாலும் மணலாலும் அடைத்துவிட்டால், வெள்ளம் கூடத்துக்குள் வரும். விருந்தாளியைப்போல் அது அழைப்பை எதிர்பார்க்காது.

யந்திரங்களை நிறுத்திவிட்டு எல்லாரும் கட்டுமரம் ஏறுங்கள் என்று நாம் சொல்லவில்லை. கேட்பதெல்லாம் சொற்பமே. உடைந்த குழாயை உடைந்த அன்றே அடைக்கட்டும். விஷக் காற்று கசிந்தால் சங்கு ஊதி ஊரை எழுப்பட்டும். வேலைக்கு அழைக்க ஊதத் தெரிந்த சங்கு, உயிரைக் காக்க ஊதலாகாதா? மிச்சமிருக்கும் கழியில் இனி ஒரு கூடை மண்ணும் கொட்டாமல் இருக்கட்டும். படிந்த சாம்பலைக் கொட்டியவர்களே வாரட்டும்.

காலி நிலம் என்று வரைபடத்தில் குறித்துவிட்டால் ஓர் இடம் காலியாகிவிடாது. மார்பளவுத் தண்ணீரில் பறியைக் கடித்துக்கொண்டு அங்கே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு வாய் திறந்து பேச முடியாது, இறால் நழுவிவிடும். பேச வேண்டியவர்கள் நாம்.