முடி சூடாத மாணவிகள்

அரசியல் நாடகம் என்றால் நமக்கும் பிரியந்தான். அந்தப் பிரியத்தை மறைத்துக்கொண்டு பிறருக்கு உபதேசம் செய்ய நாம் முன்வரவில்லை. 2019 டிசம்பரில் இணையத்தின் வழியாக வெளிவந்த "குயின்" என்னும் தொடரை நாமும் ஆவலோடு பார்த்தோம். கௌதம் வாசுதேவ் மேனனும் பிரசாத் முருகேசனும் இயக்கிய அத்தொடரின் முதல் பகுதியைக் கண்ட இரவு, உறக்கம் வர நெடுநேரமாயிற்று. ஆயினும் மறுநாள் காலையில் நம் கண்ணீரை நாமே விசாரிக்க நேர்ந்தது. அந்த விசாரணையின் தீர்ப்பே இக்கட்டுரை.

கதை இதுதான். ஆட்சியில் அமர்ந்து புகழ் பெற்ற சக்தி சேஷாத்ரி என்னும் அம்மையார், பேட்டி காண வந்தவரிடம் தம் இளமையை நினைவு கூருகிறார். ரம்யா கிருஷ்ணன் அந்த அம்மையாராக வீற்றிருக்கிறார். இளம் சக்தி பள்ளியில் முதல் மாணவி. மேலே படிக்கவேண்டும் என்பதே அவள் ஆசை. தாயின் வற்புறுத்தலுக்கு முன் அந்த ஆசை நிற்கவில்லை. புத்தகம் மூடப்பட்டது, முகத்தில் அரிதாரம் ஏறிற்று. இது செல்வி ஜெயலலிதாவின் வாழ்வைத் தழுவிய கதை என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். அப்பெண்ணாக நடித்த அனிகா சுரேந்திரனின் முகம் கல்லையும் கரைக்கும். நடிப்பில் நமக்குக் குறையில்லை.

குறை எங்கே? ஒரு பெண்ணின் படிப்பைப் பிடுங்கியது அநீதி. அநீதியைக் கண்டால் கோபம் வரவேண்டும். நமக்கோ கோபம் வரவில்லை. கண்ணீர்தான் வந்தது, அதைத் தொடர்ந்து ஒரு திருப்தியும் வந்தது. ஏனெனில், அவள் பின்னால் அரசியாகப் போகிறாள் என்பதைத் தலைப்பே நமக்குச் சொல்லிவிட்டது! இழந்த பள்ளிக்கூடத்துக்கு ஈடாக நாற்காலி வந்துவிட்டதல்லவா? கணக்கு நேராகிவிட்டது என்று மனம் சாந்தியடைந்துவிட்டது.

தோழர்களே, இந்தக் கணக்கு நமக்குப் புதிதா? தோட்டத்துத் திருவிழாவில் விடிய விடிய நடந்த அரிச்சந்திரன் கூத்திலும் இதே கணக்குத்தானே! நாடிழந்தான், மனைவியை விற்றான், சுடலை காத்தான். முடிவில் முடி திரும்பி வந்தது. ஆகவே பட்ட துன்பமெல்லாம் சோதனை. சோதித்தவனைக் கேள்வி கேட்பாரில்லை. அன்று எண்ணெய் விளக்கில் நடந்த புராணம் இன்று கண்ணாடித் திரையில் நடக்கிறது. விளக்கு மாறியது, கூத்து மாறவில்லை.

செல்வி ஜெயலலிதா 1991 முதல் 2016 வரை ஆறு முறை முதலமைச்சராகப் பதவியேற்றவர். அந்த ஆறு முறையும் அவரை அந்த இடத்தில் அமர்த்தியது விதியா, வாக்காளரா? வாக்காளர் அமர்த்தியவரை "அரசி" என்று அழைப்பது குடியரசுக்குப் பெருமையா? 1929-இல் பெரியார் ஈ.வெ.ரா. மலாயாவுக்கு வந்து இந்த ஈப்போ நகரத்திலும் பேசினார். பிறப்பால் உயர்ந்தார் எவருமில்லை என்று முழங்கிய இயக்கத்தின் வழிவந்த நாம், இன்று அரசிக்காக அழுதுகொண்டிருக்கிறோம்.

இனி நம் பேராக்கைப் பார்ப்போம். பத்துப் பிள்ளைகள் இருக்கும் தோட்டத்தில் பள்ளி இருக்கவேண்டும் என்று 1923-இன் தொழிலாளர் சட்டம் விதித்தது. பள்ளியும் வந்தது, எப்படி வந்தது? பல இடங்களில் ஒரு கொட்டகையே பள்ளி, கிராணியோ கங்காணியோ வாத்தியார். விடியுமுன் தாய் பிரட்டுக்குப் போய்விடுவாள். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டில் நிற்பவள் மூத்த பெண். அவளும் வகுப்பில் முதல் மாணவியாக இருந்திருக்கலாம். அவள் கையில் புத்தகத்துக்குப் பதிலாக உளியும் வாளியும் ஏறின. அவளைப் பேட்டி காண எவரும் வரவில்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயம் போய் வீட்டுமனை வந்தது. அவள் நகரத்து ஓரத்தில் கிழவியாகி, பேரப்பிள்ளைகளோடு சக்தி சேஷாத்ரிக்காகக் கண்ணீர் விடுகிறாள். தனக்காக அவள் என்றேனும் அழுதாளா?

முடி கிடைத்தவளின் துன்பமே துன்பம் என்றால், முடி கிடைக்காதவளின் துன்பத்துக்கு என்ன பெயர்? அதற்குத்தான் "தலையெழுத்து" என்று பெயரிட்டு வைத்திருக்கிறோம். இவ்வகை நாடகம் செய்யும் பெருந்தீங்கு இதுவே.

"பொழுதுபோக்குக்குப் பார்ப்பதில் இத்தனை தர்க்கம் எதற்கு?" என்பார் சிலர். பொழுது போகட்டும்; புத்தியும் கூடவே போகவேண்டுமா? வேறு வகையில் கதை சொல்ல இயலாதென்பதும் பொய். சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய "ஜகாட்" 2015-இல் வெளிவந்தது. தோட்டத்தை விட்டு வந்த குடும்பத்துச் சிறுவன் அப்போய். அவனது அறிவை அடித்து நொறுக்கும் பள்ளியும் வீடும். முடிவில் முடியுமில்லை, நாற்காலியுமில்லை. பார்த்தவர் மனத்தில் கோபம் மூண்டது. 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில் தேசிய மொழியல்லாத படமென்று அதைத் தனிப் பிரிவில் ஒதுக்கினார்கள், கண்டனம் எழுந்தது, விதி மாறிற்று, அதுவே மலேசியாவின் சிறந்த படமாகப் பரிசு பெற்றது. ஒரு படத்துக்காகப் பலர் குரல் கொடுக்க, விதியே மாறிய கதை அது!

இன்னும் எழுதப்படாத நாடகங்கள் நம் வாசலிலேயே கிடக்கின்றன. 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் கொல்லப்பட்டனர். அவசரகாலம் பிறந்தது, தொழிற்சங்கங்கள் நசுக்கப்பட்டன, தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மே 4-இல் தூக்கிலிடப்பட்டார். அந்த நாட்களில் லயத்து வீடுகளில் என்ன பேசினார்கள்? எந்தப் பெண்ணின் படிப்பு அன்றோடு நின்றது? இதைக் கேட்டுச் சொல்லக்கூடிய கிழவிகள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கிறார்கள்.

ஆகையால் இளைஞர்களுக்கு நாம் சொல்வது ஒன்றே. அடுத்த பகுதியைப் பாருங்கள், நாமும் பார்ப்போம். ஆனால் அதற்கு முன், வீட்டிலிருக்கும் பாட்டியிடம் போய், "நீ எந்த வகுப்போடு நின்றாய்? ஏன் நின்றாய்? யார் நிறுத்தினார்கள்?" என்று கேளுங்கள். அவள் சொல்வதை அவள் பெயரோடு எழுதி வையுங்கள். சக்தி சேஷாத்ரி என்று மாற்றுப் பெயர் சூட்டி ஒளிக்க அதில் எதுவுமில்லை. வெட்கப்பட வேண்டியவள் அவள் அல்லள்.