அமெரிக்க மகனுக்கு 'ஆப்பு' வைக்கும் ஜாயிண்ட் அக்கவுண்ட்!

மகன் அமெரிக்காவில் வேலை. ஊரில் அப்பா, நிலம் விற்ற பணத்தை பேங்கில் டெபாசிட் போடுகிறார். 'எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ அலையக்கூடாதுப்பா' என்று மகன் பெயரையும் ஜாயிண்டாக சேர்க்கிறார். பல வீடுகளில் நடப்பதுதான். வம்பும் அங்கேதான் ஆரம்பம்.

அமெரிக்க குடிமக்கள், கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள், நாள் கணக்குப்படி அங்கே வரி கட்டும் எச்-1பி விசாக்காரர்கள் எல்லோருக்கும் 1970-ம் வருஷத்து சட்டம் ஒன்று உண்டு. வெளிநாட்டு கணக்குகளில் உள்ள மொத்த பணம் வருஷத்தில் ஒரே ஒரு நாள் 10 ஆயிரம் டாலரை தாண்டினாலும் 'எப்பார்' என்ற படிவத்தில் சொல்லியாக வேண்டும். கெடு ஏப்ரல் 15. விட்டால் அக்டோபர் 15 வரை தானாகவே அவகாசம் உண்டு.

'அது அப்பா பணம், நான் ஒரு பைசா தொடலை' என்றால் எடுபடாது. பெயர் இருந்தால் முழுத் தொகையையும் காட்டணும். காட்டுவதற்காக வரி கிடையாது. ஆனால் வருமான வரி கணக்கோடு இதுவும் போய்விட்டது என்று நினைத்து பலர் கோட்டை விடுகிறார்கள். இது ஆன்லைனில் தனியாக போகணும். இங்கே வரியில்லாத என்.ஆர்.இ. வட்டிக்கும் அங்கே வரி உண்டு, அது வேறு கதை.

'யாருக்கு தெரியப்போகுது?' என்றும் இருக்க முடியாது. 2015-ல் இந்தியா போட்ட ஒப்பந்தப்படி, அமெரிக்கர்களின் கணக்கு விவரம் இங்கிருந்தே போகிறது.

தெரியாமல் விட்டாலே 10 ஆயிரம் டாலருக்கு மேல் அபராதம் வரலாம். 272 கணக்குகளை சொல்லாத ஒருவரிடம் 27 லட்சம் டாலர் கேட்டது அமெரிக்க அரசு. கணக்குக்கு ஒரு அபராதம் கூடாது, வருஷத்துக்கு ஒன்றுதான் என்று 2023-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னதால் அது 50 ஆயிரமாக சுருங்கியது. வேண்டுமென்றே மறைத்தவர்களுக்கு அந்த சலுகை இல்லை. கணக்கில் உள்ளதில் பாதியே போகலாம்.

மகன் பெயரை வெறும் நாமினியாக மட்டும் போட்டிருந்தால் இந்த தலைவலி வராது.