‘அப்பாடா’ என்று சொல்ல முடியாத பெற்றோர்

மே மாதக் கடைசி வாரத்தில் ஒரு வகை ரீல்ஸ் தவறாமல் வந்துவிடுகிறது. பிள்ளையைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்ட அம்மா குத்தாட்டம் போடுகிறார். அப்பா சோபாவில் சாய்ந்து ‘அப்பாடா’ என்கிறார். இரண்டு மாதம் வீட்டைத் தலைகீழாக்கிய வாண்டுகள் ஒருவழியாக ஒழிந்தன என்பதுதான் நகைச்சுவை. நானும் பார்த்துச் சிரித்திருக்கிறேன். பிள்ளை வளர்க்கும் பெண்களின் களைப்பு உண்மையானது, அதைச் சொல்லிச் சிரிக்க அவர்களுக்கு முழு உரிமையும் உண்டு.

ஆனால் அந்த ‘அப்பாடா’வுக்கு ஒரு முன்நிபந்தனை இருக்கிறது. காலை ஒன்பது மணியிலிருந்து மாலை நாலரை வரை என் பிள்ளை பத்திரமான ஓர் இடத்தில் இருக்கிறது என்று நம்ப முடிந்தவர்தான் அப்படி மூச்சு விட முடியும். அந்த நம்பிக்கை இந்த நாட்டில் எல்லாப் பெற்றோருக்கும் கிடைத்துவிடவில்லை.

சேரிப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை என்பது என்ன என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆயா வீட்டுக்குப் போகலாம், மாமன் ஊர்த் திருவிழாவுக்குப் போகலாம், தெருவிலேயே நாள் முழுக்கக் கிரிக்கெட் ஆடலாம். போகிற இடமெல்லாம் சொந்தக்காரர்கள். ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்று அங்கே யாரும் கேட்பதில்லை. யார் வீட்டுச் சொம்பிலும் தண்ணீர் குடிக்கலாம். இரண்டு மாதம் அந்தக் குழந்தை வெறும் குழந்தையாக இருக்கிறது. ஜூன் பிறந்ததும் சீருடையைப் போட்டுக்கொண்டு அது மறுபடி ஊருக்குள் போக வேண்டும். அம்மாவின் அடிவயிறு கலங்குவது அந்த நேரத்தில்தான்.

விடுமுறையே இல்லாத பிள்ளைகளும் உண்டு. திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்துச் செங்கல் சூளைகளில் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு வேலை செய்கிற இருளர்களுக்கும் தலித்துகளுக்கும் பொங்கல் முடிந்து தொடங்குகிற சீசன் மழை பிடிக்கிறவரை ஓயாது. பள்ளி திறக்கிற தேதி அந்தச் சீசனுக்கு நடுவே வந்து விழுகிறது. கல் அறுத்துக் கணக்குத் தீர்த்தால்தான் ஊர் திரும்ப முடியும். வெயில் கடுமையாக இருக்கிறது என்று 2023இல் 6 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்குப் பள்ளித் திறப்பை அரசு ஜூன் 12க்குத் தள்ளிவைத்தது. 2024இல் ஜூன் 10க்குத் தள்ளிவைத்தது. சரியான முடிவுதான். அதே வெயிலில் பச்சைக் கல்லைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளின் பெற்றோருக்கு அந்தத் தேதியும் ஒன்றுதான், பழைய தேதியும் ஒன்றுதான்.

பள்ளி திறப்பதற்கு முந்தைய இரவு எல்லா வீட்டிலும் புத்திமதி நடக்கும். ‘டிபன் பாக்ஸைத் தொலைக்காதே, ஒழுங்காகப் படி’ என்பதோடு பல வீடுகளில் அது முடிந்துவிடும். எங்கள் வீடுகளில் அந்தப் பட்டியல் கொஞ்சம் நீளம். ‘எந்த ஊருன்னு கேட்டா ஊர்ப் பேரைச் சொல்லு, தெருப் பேரைச் சொல்லாத.’ ‘பஸ்ல சீட்டு காலியா இருந்தாலும் அவனுங்க நின்னா நீ உக்காராத.’ ‘எவன் கையில என்ன கலர்ல கயிறு கட்டுனா உனக்கென்ன, நீ பாட்டுக்கு இரு.’ ‘அடிச்சாலும் திருப்பி அடிக்காத, வீட்டுக்கு வந்து சொல்லு.’ நிறுத்தத்துக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்து வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். காலனி நிறுத்தத்தில் இறங்கினால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். வரவேற்கிறோம். நிறுத்தம் மட்டும் இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

இந்தப் புத்திமதியைக் கேட்கும் முற்போக்கு நண்பர்கள் சிலர், ‘பயத்தைப் பெற்றோரே பிள்ளைகளுக்கு ஊட்டுகிறார்கள்’ என்பார்கள். எனக்கு இந்தப் பேச்சு பிடிப்பதில்லை. அந்தப் பயத்துக்குப் பின்னால் செய்தித்தாள் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 9 அன்று நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவர் ஒருவரை உடன் படித்த இடைநிலைச் சாதி மாணவர்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. நடந்த வரிசையைக் கவனியுங்கள். துன்புறுத்தல் தாங்காமல் பள்ளிக்குப் போகாமல் இருந்தவரிடம் காரணம் கேட்கப்படுகிறது, அவர் சொல்கிறார், பள்ளியில் புகார் ஆகிறது, அதன் பிறகு அரிவாள் வருகிறது. ‘வீட்டுக்கு வந்து சொல்லு’ என்ற ஒரே பாதுகாப்பு ஏற்பாடும் அன்று உடைந்தது. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் அருகே தேர்வெழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த பதினோராம் வகுப்பு தலித் மாணவரைக் கீழே இழுத்துப் போட்டு வெட்டினார்கள். விரல்கள் துண்டாயின. இதெல்லாம் தெரிந்த ஓர் அம்மா ‘தைரியமா போயிட்டு வா’ என்று மட்டும் எப்படிச் சொல்வார்?

வெட்டு செய்தியாகிறது. செய்தியாகாதது எவ்வளவோ. ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே பாலக்கரை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் தலித் மாணவர்களைக் கழிவறை கழுவ வைத்தது 2022இல் வெளியே வந்தது. எப்படி வந்தது? ஒரு சிறுவனுக்கு டெங்கு காய்ச்சல் வந்தது. எப்படி வந்திருக்கும் என்று விசாரித்தபோதுதான் பிள்ளை வாயைத் திறந்தது, அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது. தலைமை ஆசிரியை பிறகு கைது செய்யப்பட்டார். காய்ச்சல் வராமல் இருந்திருந்தால் அந்த அம்மா தினமும் காலையில் பிள்ளையின் தலையை வாரி, பௌடர் போட்டு, அந்தக் கழிவறைக்கு அனுப்பிக்கொண்டே இருந்திருப்பார். பிள்ளைகள் இதை வீட்டில் சொல்வதில்லை. சொன்னால் அப்பா பள்ளிக்கு வருவார், சத்தம் போடுவார், நாளைக்கு வகுப்பில் எல்லோரும் பார்ப்பார்கள் என்று எட்டு வயதிலேயே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அம்பேத்கர் தன் வாழ்க்கை அனுபவங்களை எழுதிய ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ ஒரு கோடை விடுமுறையில்தான் தொடங்குகிறது. 1901இல் சாத்தாராவிலிருந்து கோரேகாவில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்க அண்ணனோடு கிளம்பிய பயணம் அது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு போன பிள்ளைகள் வழியில் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் இரவெல்லாம் தவித்தார்கள். அந்தப் பயணத்தைப் பலரும் பேசுவார்கள். அதையொட்டி அவர் பள்ளியைப் பற்றி எழுதும் சில வரிகள்தான் என்னை அதிகம் தொந்தரவு செய்கின்றன. வகுப்பின் மூலையில் தனியாக ஒரு சாக்கில் அவர் உட்கார வேண்டும். பள்ளியைப் பெருக்குகிற வேலையாள் அந்தச் சாக்கைத் தொடமாட்டார். அதனால் மாலையில் அதை வீட்டுக்கு எடுத்துப்போய், மறுநாள் காலையில் திரும்பக் கொண்டுவர வேண்டும். தினமும் மாலையில் அந்தச் சாக்கு வீட்டுக்கு வந்திருக்கிறது. சுருட்டி எங்கேயோ ஒரு மூலையில் வைத்திருப்பார்கள். விடுமுறை முழுக்க அது அங்கேயே கிடந்திருக்கும். பள்ளி திறக்கிற அன்று அதைத் தட்டி எடுத்துப் பிள்ளையின் கையில் கொடுத்த பெரியவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று அவர் எழுதவில்லை. நமக்கு ஊகிக்கக் கஷ்டமில்லை.

இந்த இடத்தில் ‘பெற்றோர்’ என்ற சொல்லையே கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். பள்ளி வாசலில் நிற்பவர்கள் எல்லோரும் ஒரே கவலையோடு நிற்பதில்லை. 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையத்தில் அரசுப் பள்ளிக்குச் சத்துணவு சமைக்க ஒரு தலித் பெண் மாற்றலாகி வந்தபோது பள்ளியை முற்றுகையிட்டவர்கள் யார்? பெற்றோர். ‘எங்க பிள்ளைங்க அந்தச் சோத்தைத் திங்காது’ என்பதுதான் அவர்கள் கவலை. அதிகாரிகள் அவர்களுக்குப் பணிந்து அந்த அம்மாவை இடமாற்றம் செய்தார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. 2023 செப்டம்பரில் கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூரில் காலை உணவுத் திட்டத்துக்கும் இதே கதை. கலெக்டரே நேரில் போய் அங்கே சாப்பிட வேண்டியிருந்தது. பசியோடு வருகிற பிள்ளைக்கு ஒரு கரண்டி உப்புமா போடுகிற நல்ல திட்டம் அது. அந்தக் கரண்டியை யார் பிடித்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கிற பெற்றோரும் பெற்றோர்தான். மாணவன் கையில் கட்டியிருக்கிற கயிற்றின் நிறத்தை அவன் பள்ளியில் கண்டுபிடிக்கவில்லை. வீட்டில் பார்த்தான், ஊர்ச் சாதிச் சங்கத்து பேனரில் பார்த்தான். அந்த வீட்டிலும் பள்ளி திறப்பதற்கு முந்தைய இரவு ஒரு புத்திமதி நடக்கிறது. நம் எழுத்தாளர்கள் அதை ஏனோ எழுதுவதில்லை.

கயிறைத் தடுக்கச் சொல்லி 2019இலேயே பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்புக் குரல் வந்ததும் அன்றைய அமைச்சரே அதிலிருந்து பின்வாங்கினார். நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில், சரியாகப் பள்ளி திறந்த மாதத்தில், அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், பொட்டு கூடாது. வருகைப் பதிவேட்டில் சாதிக்கென்று கட்டம் இருக்கக் கூடாது. அகர வரிசைப்படி உட்காரவைக்க வேண்டும். பெரிய பள்ளிகளில் நல அலுவலர் வேண்டும். பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி போக வேண்டும். இதில் எதுவும் புரட்சி அல்ல, குறைந்தபட்ச நாகரிகம். இருந்தும் இது இந்து மாணவர்களுக்கு எதிரானது என்று கூச்சலிட்டார்கள். ‘எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க’ என்று ஸ்காலர்ஷிப் ஃபாரத்துக்காக வகுப்பு நடுவே நிறுத்தப்பட்டவர்கள் இதை வாசிப்பவர்களில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். அந்தக் கட்டத்தை அழிப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர்களுக்கும் தெரியும்.

தனியார் பள்ளிக்குப் போனால் தப்பிக்கலாம் என்று நகையை அடகு வைக்கிறார்கள், குழுக் கடன் எடுக்கிறார்கள். 2025 ஏப்ரலில் கோவை மாவட்டம் கிணத்துக்கடவு அருகே மாதவிலக்கு வந்த தலித் மாணவியை வாசல்படியில் உட்காரவைத்துத் தேர்வெழுத வைத்தது ஒரு தனியார் பள்ளிதான். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடங்களிலாவது சேர்க்கலாம் என்று காத்திருந்தவர்களுக்கு அந்த ஆண்டு ஜூனில் சேர்க்கையே தொடங்கவில்லை. ஒன்றிய அரசு நிதியைப் பிடித்துவைத்துக்கொள்ள, அது அக்டோபர் வரை இழுத்தது.

அப்படியானால் பெற்றோர் என்னதான் செய்வது? தனித்தனியாக எதுவும் செய்ய முடியாது. ‘அடங்கிப் போ’ என்பது தனியாக நிற்கிற அம்மாவுக்குக் கிடைக்கிற ஒரே ஆயுதம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூரில் புலையர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க மறுத்தபோது அய்யன்காளி பெற்றோருக்குப் பொறுமையைப் போதிக்கவில்லை. எங்கள் பிள்ளைகள் பள்ளிக்குள் வராவிட்டால் உங்கள் வயலில் நாங்கள் இறங்கமாட்டோம் என்று வேலைநிறுத்தம் நடந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் பட்டினி கிடந்து நடத்திய போராட்டம் அது.

இன்று நம் கையில் ஒரு சிறிய கருவி இருக்கிறது, பெரும்பாலும் துருப்பிடித்துக் கிடக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அமைகிற பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள். ஒடுக்கப்பட்ட பிரிவுப் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கேற்ற இடம் தர வேண்டும். 2024இல் தமிழ்நாட்டில் குழுக்களை மாற்றியமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். நடைமுறையில் பல ஊர்களில் தலைமை ஆசிரியர் சொல்கிற இடத்தில் கையெழுத்துப் போடுவதோடு குழுவின் வேலை முடிகிறது. சேரிப் பெற்றோர் பெயர் நோட்டில் இருக்கும், ஆள் அன்று நடவுக்கோ நூறு நாள் வேலைக்கோ போயிருப்பார். கூட்டம் எப்போது என்றே அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதை வாசிக்கிற பலர் அந்த அரசுப் பள்ளிகளின் முன்னாள் மாணவர்கள். ரீல்ஸுக்கு ஹார்ட் போட்ட கையோடு ஊரில் அக்காவுக்கோ அண்ணிக்கோ ஒரு போன் போட்டு, குழுவில் நம் தெருக்காரர் யார், கூட்டம் என்று நடக்கிறது என்று விசாரியுங்கள். முடிந்தால் அன்று ஊருக்குப் போய் நான்கு அம்மாக்களோடு சேர்ந்து உட்காருங்கள். மூன்று கேள்விகள் போதும். வருகைப் பதிவேட்டில் சாதிக் கட்டம் இன்னும் இருக்கிறதா? ஒரு பிள்ளை புகார் சொன்னால் அதன் பெயர் வெளியே போகாமல் யார் பார்த்துக்கொள்வார்? கழிவறையைக் கழுவுபவர் யார், அவருக்கு இந்த மாதச் சம்பளம் போய்விட்டதா? பதிலை வாயால் மட்டும் கேட்டுக்கொண்டு வராதீர்கள். தீர்மான நோட்டில் எழுதச் சொல்லி, எழுதிய பிறகு அம்மாக்களைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.