எலியாவுக்குக் கிடைத்த அடை

மனச்சோர்வில் கிடப்பவரிடம் "விசுவாசம் போதாது, இன்னும் ஜெபியுங்கள்" என்று சொல்வது பல சபைகளில் வழக்கம். அது ஆறுதல் அல்ல, குற்றச்சாட்டு. 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகளை வென்ற எலியா தீர்க்கதரிசி, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாவைக் கேட்கிறார். கர்த்தர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தூதன் தட்டியெழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் காட்டுகிறான். தூங்கவிட்டு, மறுபடியும் சாப்பிடச் சொல்கிறான். அதன் பிறகுதான் பேச்சு, அடுத்த பணி, துணைக்கு எலிசா. லண்டனின் புகழ்பெற்ற பிரசங்கியார் ஸ்பர்ஜனும் ஆண்டுக்கணக்கில் மனச்சோர்வோடு ஊழியம் செய்தவர். சபையாரிடம் அதை மறைக்கவில்லை. மனச்சோர்வு பாவமல்ல, நோய். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற விசுவாசி மனநல மருத்துவரிடம் போக ஏன் கூச வேண்டும்? ஜெபமும் மருந்தும் சேர்ந்தே நடக்கட்டும். போதகர்களே, வசனம் சொல்லுமுன் சோர்ந்திருப்பவர் சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று கேளுங்கள்; மருத்துவமனைக்குத் துணையாகவும் போங்கள்.