ஓடுன கதையை மட்டும் சொல்லாதீங்க

வைகாசி பாதியில பாலக்காட்டுக் கணவாய் வழியா காத்து இறங்க ஆரம்பிச்சதும் எனக்கு போன் வர ஆரம்பிச்சிடும். "அண்ணா, ஊட்லயே காத்தாடி செஞ்சு கரண்ட் எடுக்குறீங்களாமே, எப்படின்னு சொல்லுங்க." பாதிப் பேர் கோயமுத்தூர், திருப்பூர், சென்னைக்காரங்க. மொட்டை மாடியில வைக்கணும்பாங்க. மீதிப் பேர் என்னை மாதிரி தோட்டத்துக்காரங்க. எட்டு வருஷமா எல்லாருக்கும் சந்தோஷமா சொல்லிட்டு இருந்தேன். இந்த வருஷம், மொதல்ல ஒரு கிடாரி செத்த கதையைச் சொல்லிட்டுத்தான் மத்ததைப் பேசுறேன். கேட்டதும் சிலர் போனை வச்சிடறாங்க. வைக்கட்டும்.

உடுமலைக்கும் தாராபுரத்துக்கும் நடுவுல இருக்குது எங்க தோட்டம். சுத்தியும் கம்பெனிக் காத்தாடிங்க நிக்குது. ராத்திரி பூரா உய் உய்யுன்னு சத்தம். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் நாமளும் ஒண்ணு செஞ்சா என்னன்னு தோணுச்சு. என்னோடது சின்னது. மூணு மர இறக்கை, வட்டம் எட்டடி. பழைய கார் சக்கரத்து ஹப். ரெண்டு இரும்புத் தட்டுல வட்டமா ஒட்டுன காந்தம், ரெண்டுக்கும் நடுவுல ரெசின்ல வார்த்த ஒன்பது காயில். காயில் சுத்தறதுக்கு ஊர்ல ஆளுக்குப் பஞ்சம் இல்ல, மோட்டார் காயில் கட்டுற கடை தெருவுக்கு ஒண்ணு இருக்கு. இரும்பு வேலை லேத் பட்டறையில. சாளையில நாலு விளக்கு, ஒரு ஃபேன், போன் சார்ஜ். அவ்வளவுதான்.

இதுல எத்தனை வாட் வரும்னுதான் எல்லாரும் முதல்ல கேட்பாங்க. கேள்வியே தப்பு. காத்து மணிக்கு 11 கிலோமீட்டர் வேகத்துல அடிச்சா என் காத்தாடி 20 வாட் கொடுக்கும். 22 கிலோமீட்டர்னா 170 வாட் பக்கம் போகும். 44னா கணக்குப்படி 1400 வாட் வரணும். வேகம் ரெண்டு மடங்கு ஆனா சக்தி எட்டு மடங்கு ஆகும், அது காத்தோட சுபாவம். எவ்வளவு பெரிய கம்பெனி செஞ்சாலும் காத்துல இருக்கிற சக்தியில 59 சதவீதத்துக்கு மேல எடுக்க முடியாதுன்னு பெட்ஸுங்கிற ஜெர்மனிக்காரர் 100 வருஷத்துக்கு முன்னாடியே கணக்குப் போட்டு வச்சிட்டார். நாம பட்டறையில செஞ்சது 30 சதவீதம் எடுத்தாலே பெரிய காரியம்.

இந்த எட்டு மடங்கைச் சொல்லித்தான் எல்லாரும் ஆசை காட்டுறோம். அதே எட்டு மடங்குதான் ஆளையும் கொல்லும். 1400 வாட்டை என் காயில் தாங்காது, புகைஞ்சிடும். அதனாலதான் வாலை நேரா வெல்டிங் வைக்காம சாய்வா ஒரு கீல்ல மாட்டுறோம். காத்து மீறினா முகம் ஓரமாத் திரும்பி வால் மடங்கிக்கும். காத்து தணிஞ்சா வால் தன் கனத்துலயே இறங்கி முகத்தைத் திருப்பிக் கொண்டு வந்திடும். ஐம்பது ரூபா கொண்டி மாதிரி இருக்கும், பார்த்தா ஒண்ணுமே இல்ல. காத்தாடியோட உயிரு அதுலதான் இருக்கு.

இன்னொரு உயிர் பேட்டரிப் பக்கம் இருக்கு. காத்தாடி சுத்தும்போது பேட்டரி கரண்ட் இழுக்குது இல்லையா, அந்த இழுவைதான் இறக்கைக்குப் பிரேக். பேட்டரியைக் கழட்டிட்டா பிரேக் போச்சு. இறக்கத்துல போற பார வண்டியில மாட்டை அவுத்துவிட்ட மாதிரி. சோலார் பலகைக்கு இந்தப் பிரச்சினை கிடையாது. பேட்டரி ரொம்பினதும் சோலார் கன்ட்ரோலர் கம்பியைத் துண்டிச்சிடும், பலகை சும்மா வெயில் காஞ்சுட்டுக் கிடக்கும். காத்தாடிக்கு அதே கன்ட்ரோலரை மாட்டினா, பேட்டரி ரொம்பின நிமிஷம் காத்தாடியை அவுத்து விட்டுடும். அதுவும் எப்போ? நல்ல காத்து அடிக்கும்போதுதான பேட்டரி ரொம்பும்! அதனால காத்தாடிக்கு, மிச்சக் கரண்டை ஒரு ஹீட்டர் காயில்ல கொண்டுபோய்ச் சூடாக்கி எரிச்சுடற மாதிரி வைக்கணும். டம்ப் லோடுன்னு பேரு. பேட்டரியைக் கழட்டவே கூடாது.

இதெல்லாம் இப்போ தெளிவா சொல்றேன். நாலு வருஷத்துக்கு முன்னாடி எனக்கே அரைகுறையாத்தான் தெரியும். அப்போ சோலார் கன்ட்ரோலர்தான் மாட்டியிருந்தேன். ஒரு ஆனி மாசச் சாயங்காலம் பேட்டரிக்குப் போற கம்பி ஒண்ணு டெர்மினல்ல லூசாகி விட்டுப்போச்சு. அடுத்த அரை நிமிஷத்துல காத்தாடி கத்துன கத்து இருக்கே, எங்க நாய் கட்டுத்தரைக்குள்ள போய்ப் பதுங்கிடுச்சு. மேல இருந்து வர்ற மூணு கம்பியையும் ஒண்ணாச் சேர்த்துட்டா நிக்கும்னு படிச்சிருந்தேன். ஆனா கிட்டப் போறதுக்குக் கால் வரல. புளியமரத்துக்குப் பின்னால முக்கால் மணி நேரம் நின்னேன். காத்து தணிஞ்சப்புறம் போய்க் கம்பியை முடுக்கினேன், ஸ்பிரிங் வாஷர் போட்டேன். ஊர்ல ஒருத்தர்கிட்டயும் சொல்லல. ஊட்டுக்காரிகிட்டகூட "காத்து சாஸ்தி"ன்னு சொல்லி முடிச்சுக்கிட்டேன். காத்தாடி செய்யுற ஆளுன்னு நாலு பேர் சொல்லிட்டு இருந்த சமயம், வெட்கமா இருந்துச்சு.

அதுக்கப்புறமும் அதே சோலார் கன்ட்ரோலர்லதான் ஓட்டினேன். ஒண்ணும் ஆகல. ஏன் ஆகலன்னு யோசிக்கவும் இல்ல. என் பேட்டரி ரெண்டும் பழசு, ஃபேன் எந்நேரமும் ஓடும். அது ஒரு நாளும் ரொம்பினதே இல்ல, கன்ட்ரோலருக்குத் துண்டிக்கிற வேலையே வரல. நான் பொழைச்சதுக்குக் காரணம் என் ஓட்டைப் பேட்டரி.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பொள்ளாச்சிக்கு மேக்கால இருந்து ஒரு தம்பி போன் பண்ணினார். பி.இ. படிச்சிட்டு அப்பா தவறுனப்புறம் தோட்டத்தைப் பார்க்க வந்த பையன். நல்ல கைப்பக்குவம். கணு இல்லாத மரமாத் தேடி எடுத்து இறக்கையைச் செதுக்கி, மூணையும் தராசுல போட்டுக் கிராம் கணக்குல சரி பண்ணி போட்டோ அனுப்புவார். என்னைவிட சுத்தமான வேலை. கடைசியில, "அண்ணா, டம்ப் லோடுன்னு ஒண்ணு வைக்கணும்ங்கிறாங்களே, அது வேணுங்ளா? செலவு எட்டாயிரம் சொல்றாங்க"ன்னு கேட்டார். நான் சொன்ன பதில் வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கு. "அதெல்லாம் வேண்டாம் தம்பி. நான் சோலார் கன்ட்ரோலர்லயே ஆறு வருஷமா ஓட்டுறேன், ஒண்ணும் ஆகல."

ஆறு வருஷமா ஒண்ணும் ஆகலன்னு சொன்னேன். புளியமரத்துக்குப் பின்னால நின்ன முக்கால் மணி நேரத்தை விழுங்கிட்டேன்.

போன ஆடிப் பெருக்கு முடிஞ்ச மூணாம் நாள். அவரோடது புதுப் பேட்டரி. காலையிலயே ரொம்பிடுச்சு, கன்ட்ரோலர் கம்பியைத் துண்டிச்சிடுச்சு. வால் மடங்குற கீல் போட்டிருந்தார்தான். ஆனா சுமை இல்லாம வெறி பிடிச்சு ஓடுற காத்தாடியை வாலை மட்டும் நம்பி விட முடியாது. ஒரு இறக்கை பாதியில முறிஞ்சு, கட்டுத்தரை ஓட்டைப் பொத்துக்கிட்டு உள்ள இறங்கிடுச்சு. இன்னும் பல்லுப் போடாத ஒரு கிடாரிக்குப் பின்னங்கால் எலும்பு நொறுங்கிப் போச்சு. டாக்டர் வந்து பார்த்துட்டு உதட்டைப் பிதுக்கிட்டார். நாலாம் நாள் செத்துப்போச்சு. தம்பியோட அம்மா பால் கறந்துட்டு வெளிய வந்து பத்து நிமிஷம்கூட ஆகலயாம்.

நேர்ல போனேன். தம்பி ஒரு வார்த்தை குறை சொல்லல. காபி கொடுத்துட்டு அவங்கம்மாதான் கேட்டாங்க: "ஏஞ் சாமி, உங்க ஊட்டுல அது நல்லா ஓடுதுன்னுதான சொன்னீங்க?" கிடாரிக்குக் காசு கொடுத்தேன், வாங்கல. அன்னிக்கு வண்டியில திரும்பி வர்றப்போதான் அந்தப் புளியமரம் ஞாபகத்துக்கு வந்துச்சு.

வந்ததும் எனக்குத் தெரிஞ்ச, காத்தாடி செய்யுற நாலு பேருக்கு போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன், என் கதையையும் சேர்த்து. மூணு பேர், "ஆமாங்க, நமக்கும் ஒருக்கா அப்படி ஆச்சு"ன்னாங்க. ஒருத்தருக்கு இறக்கை வாய்க்கால்ல போய் விழுந்திருக்கு. ஒருத்தருக்கு ஸ்டே கம்பி அறுந்து கம்பமே சாஞ்சிருக்கு. இன்னொருத்தருக்குக் காயில் புகைஞ்சு சாளைக் கூரையில நெருப்புப் பிடிக்கப் பார்த்திருக்கு. வருஷக்கணக்கா நாங்க போன்ல பேசிக்கிறவங்க. காந்தம் எங்க சல்லிசாக் கிடைக்கும், ரெசின் எத்தனை மணியில காயும், எந்தக் கேஜ் கம்பின்னு மணிக்கணக்காப் பேசியிருக்கோம். இதை ஒருத்தர்கூட வாய் திறந்து சொன்னதில்ல. ஆளாளுக்கு ஒரு புளியமரம் வச்சிருந்திருக்கோம்.

நாலாவது ஆள் கோவிச்சுக்கிட்டார். "இதையெல்லாம் வெளிய சொன்னா புதுசா ஒருத்தனும் செய்ய வரமாட்டான். கம்பெனிக்காரனுக்குத்தான் கொண்டாட்டம்"னார். இந்தப் பேச்சைத்தான் என்னால ஏத்துக்க முடியல. ஸ்காட்லாந்துல ஸ்கோரைக்னு, ரோடு போகாத ஊர் ஒண்ணு இருக்கு. படகுலயோ நடந்தோதான் போகணும். அங்க ஹியூ பிகாட்டுங்கிறவர் 1970கள்ல இருந்து கையால காத்தாடி செய்யுறார். நான் செஞ்சதும், இங்க பல பேர் செய்யுறதும் அவர் வழிதான். அவர் என்ன பண்ணினார்? எங்க துருப் பிடிக்குது, எங்க முறியுதுன்னு எழுதி எழுதியே தன் முறையைத் திரும்பத் திரும்பத் திருத்தினார். நியோடிமியம் காந்தம் துருப் பிடிக்குது, விலையும் ஏறிப்போச்சுன்னதும் சாதா ஃபெரைட் காந்தத்துல செய்யுற முறையையும் கொடுத்தார். அதைப் படிச்சு யார் பயந்து ஓடினாங்க? ஆப்பிரிக்காவுல மலாவி நாட்டுல வில்லியம் கம்குவம்பான்னு ஒரு பையன், பஞ்சத்துல பள்ளிக்கூடத்துக்குக் கட்டப் பணம் இல்லாம, நூலகத்துப் புத்தகத்தைப் பார்த்து சைக்கிள் டைனமோ, டிராக்டர் ஃபேன், பிவிசி பைப்புல காத்தாடி செஞ்ச கதை உங்களுக்கெல்லாம் தெரியும். 2019ல சினிமாவே வந்துச்சு. அந்தப் பையன் தன் வீட்ல ஒயர் ஒண்ணோட ஒண்ணு பட்டு ஷார்ட் ஆனதையும், அதுக்கப்புறம் ஆணியும் காந்தமும் வச்சு சர்க்யூட் பிரேக்கர் செஞ்சதையும் மறைக்காமத்தான சொன்னான்?

புதுசா வர்றவன் பயப்படுவானேன்னு நாம வாயை மூடல. நம்ம கெத்து போயிடும்னு மூடினோம். என் விஷயத்துல அதுதான் நிஜம்.

இதுல டவுன்காரங்களுக்கும் பங்கு இருக்கு, கோவிச்சுக்காதீங்க. வாட்ஸ்அப்புல சீலிங் ஃபேனைக் கையால சுத்தி பல்ப் எரியவைக்கிற வீடியோவை எனக்கு அனுப்பாத ஆளே இல்ல. சாதா சீலிங் ஃபேன்ல காந்தமே கிடையாதுங்க. உள்ள இருக்கிறது அலுமினியம் பட்டை போட்ட ரோட்டார். காத்துல சுத்தினா காத்துதான் வரும். பெரும்பாலும் அடியில பேட்டரி ஒளிஞ்சிருக்கும். புதுசா வர்ற பிஎல்டிசி ஃபேன்ல காந்தம் இருக்கு, அது வேற கதை. சுத்துறதைப் பார்த்தாக் கைதட்டுறீங்க, முறிஞ்சதைக் காட்டினா நகர்த்திட்டுப் போயிடறீங்க. அப்புறம் எவன் முறிஞ்சதைக் காட்டுவான்?

மொட்டை மாடிக்காரங்களுக்கு ஒரே பதில், வேண்டாம். முந்நூறு அடி சுத்துல இருக்கிற மரம், கட்டடம் எல்லாத்தையும்விட முப்பதடி மேல காத்தாடி நிக்கணும். உங்க மாடியில அதுக்கு எங்க போவீங்க? கைப்பிடிச் சுவர்ல மோதி உடைஞ்ச காத்துல இறக்கை தள்ளாடும், கரண்டும் வராது, அதிர்வு மட்டும் படுக்கையறை வரைக்கும் வரும். பறந்து விழுந்தா கீழ இருக்கிறது கிடாரி இல்ல, பக்கத்து வீட்டுக் குழந்தை. கரண்ட்தான் வேணும்னா சோலார் பலகை வாங்குங்க. எனக்குக் காத்தாடிக்கு நாற்பதாயிரத்துக்கு மேல ஆச்சு, என் கூலியைச் சேர்க்காம. அந்தக் காசுக்குப் பலகை போட்டிருந்தா இதைவிட அதிகமா வந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில என் காத்தாடி மாசக்கணக்கா மொட்டுனு நிக்குது, அப்போ பலகைதான் சோறு போடுது. அப்புறம் எதுக்குடா செய்யுறேன்னா, ஆடியில மேகம் கவிஞ்ச ராத்திரி அது ஓடும், கெட்டுப்போனா நானே பிரிச்சு மாட்டுவேன், அந்த சுகத்துக்குத்தான். இதை இலவச கரண்ட்னு இனி சொல்ல மாட்டேன்.

காத்தாடி செய்யுற பங்காளிகளுக்கு: டம்ப் லோடு இல்லாம கம்பத்தைத் தூக்காதீங்க. கீழ சாய்ச்சு இறக்குற மாதிரி கம்பம் போடுங்க, மேல ஏறி வேலை பார்க்காதீங்க. கம்பத்து உயரத்துக்குள்ள சுத்துவட்டத்துல ஆளோ மாடோ கட்டாதீங்க. இறக்கை அதையும் தாண்டிப் பறக்கும், இருந்தாலும் அதையாவது செய்யுங்க. யாராவது உங்களுக்கு யோசனை சொன்னா, எத்தனை வாட் வருதுன்னு கேட்காதீங்க. கடைசியா எது முறிஞ்சுது, எப்போன்னு கேளுங்க. ஒண்ணுமே முறியலன்னு சொன்னார்னா நன்றி சொல்லிட்டுப் போனை வச்சிடுங்க.

தம்பி மறுபடியும் கம்பம் நட்டுட்டார். கட்டுத்தரையில இருந்து தள்ளி, தென்னந்தோப்புக்கு அந்தாண்டை. ஹீட்டர் காயில் வச்சிருக்கார். அவங்கம்மா முதல்ல ஒத்துக்கலயாம், ஒரு மாசம் பேசலயாம். இப்போ மிச்சக் கரண்ட்ல மாட்டுக்குக் கஞ்சித் தண்ணி சுட வைக்கிறாங்களாம். முறிஞ்ச இறக்கையில பாதியை எனக்குக் கொடுத்தார். சாளை வாசல்ல ஆணி அடிச்சு மாட்டியிருக்கேன். பார்க்க வர்றவங்க செவ்வாய்க்கிழமை மட்டும் வராதீங்க, அன்னிக்கு சந்தைக்குப் போயிடுவேன்.