கோல் விழுந்த பிறகும் காத்திருக்க வேண்டுமா?

2024 ஜூன் 29. ஐரோப்பியக் கோப்பைக் கால்பந்தின் நாக்-அவுட் ஆட்டத்தில் ஜெர்மனியும் டென்மார்க்கும் டார்ட்மண்டில் மோதின. இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் டென்மார்க்கின் ஆண்டர்சன் கோல் அடித்தார். அந்நாட்டு ரசிகர்கள் கொண்டாடி ஓய்வதற்குள் கோல் ரத்தானது. சக வீரர் டிலேனியின் கால் நுனி ஆஃப்சைடில் இருந்தது. சில நிமிடங்களில், அதே ஆண்டர்சனின் கையைப் பந்து உரசியதைப் பந்துக்குள் இருந்த சென்சார் காட்டிக்கொடுத்தது. ஜெர்மனிக்குப் பெனால்டி, ஹாவெர்ட்ஸ் கோலாக்கினார். டென்மார்க் 0-2 என்று தோற்று வெளியேறியது.

விதிப்புத்தகத்தின்படி இரண்டு தீர்ப்புகளிலும் பிழை சொல்ல முடியாது. ஆனாலும், அந்தக் கால் நுனியால் டென்மார்க்குக்கு என்ன அனுகூலம் கிடைத்தது என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. விஏஆர் எனப்படும் காணொளி நடுவர் முறை குறித்த விவாதம் இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும்.

தொழில்நுட்பமே வேண்டாம் என்பது என் வாதம் அல்ல. 2010 உலகக் கோப்பையில் இங்கிலாந்தின் லம்பார்டு அடித்த பந்து ஜெர்மனியின் கோல் கோட்டைத் தெளிவாகத் தாண்டியும் கோல் தரப்படவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு, பிரான்ஸின் தியரி ஹென்றியின் கை பட்ட பந்தால் அயர்லாந்து உலகக் கோப்பை வாய்ப்பையே இழந்தது. இவை பெரிய அநீதிகள். 2014 உலகக் கோப்பையில் வந்த கோல் கோட்டுத் தொழில்நுட்பம் முதல் வகை அநீதிக்கு முடிவுகட்டியது. பந்து கோட்டைத் தாண்டினால் நடுவரின் கைக்கடிகாரத்துக்கு ஒரு நொடியில் தகவல் போய்விடும். ஆட்டம் நிற்பதில்லை, கொண்டாட்டமும் கெடுவதில்லை.

2018-இல் கால்பந்து விதிகளில் இடம்பெற்ற விஏஆர் அப்படிப்பட்டதல்ல. கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறாட்டம் ஆகிய நான்கில் மட்டும், அதுவும் அப்பட்டமான தவறு நேர்ந்தால் மட்டுமே தலையிடுவோம் என்றார்கள். ஆனால், ஆஃப்சைடுக்கு இந்த வரம்பு பொருந்தாது. ஒரு சென்டிமீட்டர் தாண்டினாலும் ஆஃப்சைடுதான். நொடிக்கு 50 சட்டகங்கள் பதியும் கேமராவில், நொடிக்கு 8 மீட்டர் ஓடும் வீரர் ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் 16 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். இந்தக் குறையைப் போக்க, 2022 கத்தார் உலகக் கோப்பையில் 12 கேமராக்கள் ஒவ்வொரு வீரரின் உடலிலும் 29 புள்ளிகள் வரை கண்காணித்தன. பந்தில் இருந்த சென்சார் நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பியது. அளவீடு கூர்மையானது, விதியின் நோக்கம்தான் மறந்துபோனது. எதிரணியின் கோலுக்கு அருகிலேயே காத்துக் கிடந்து கோல் அடிப்பதைத் தடுக்கத்தான் ஆஃப்சைடு விதி. கால்விரலை அளக்க அல்ல.

கிரிக்கெட்டில் ஒவ்வொரு பந்துக்கும் பிறகு இயல்பாகவே இடைவெளி உண்டு. மூன்றாவது நடுவருக்காகக் காத்திருப்பதும் ஆட்டத்தோடு ஒட்டிப்போகிறது. கால்பந்து ஓடிக்கொண்டே இருக்கும் ஆட்டம். 90 நிமிடங்களில் இரண்டோ மூன்றோ கோல்கள்தான். பந்து வலையைத் தொடும் அந்த நொடியில் தன்னை மறந்து கத்துவதற்காகத்தான் ரசிகர் காசு கொடுத்து வருகிறார். இப்போது கத்துவதற்கு முன் துணை நடுவரின் கொடியையும் பெரிய திரையையும் பார்க்கிறார்.

இவ்வளவுக்குப் பிறகும் மனிதத் தவறு ஒழிந்துவிடவில்லை. 2023 செப்டம்பர் 30 அன்று டாட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்தது சரியான கோல். களத்தில் ஆஃப்சைடு என்று தீர்ப்பாகியிருந்தது. கோல் தரப்பட்டதாக நினைத்துக்கொண்ட விஏஆர் நடுவர், ‘பரிசோதனை முடிந்தது’ என்று சொல்லிவிட்டார். தவறு புரிந்தபோது ஆட்டம் மீண்டும் தொடங்கியிருந்தது. திருத்த விதியில் இடமில்லை. லிவர்பூல் 1-2 என்று தோற்றது.

முக்கியத் தீர்ப்புகளின் துல்லியம் 82-இலிருந்து 96 சதவீதமாக உயர்ந்திருப்பதாக இங்கிலாந்தின் பிரீமியர் லீக் 2024-இல் சொன்னது. அதை நான் மறுக்கவில்லை. 2024 ஜூனில் விஏஆரைக் கைவிடலாம் என்று அந்த லீக்கின் வுல்வ்ஸ் கிளப் கொண்டுவந்த தீர்மானம் 19-1 என்று தோற்றதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். ஆனால் அங்கே வாக்களித்தவை கிளப் நிர்வாகங்கள். ஸ்வீடனில் கிளப்களின் பெரும்பான்மை உரிமை உறுப்பினர்களிடம், அதாவது ரசிகர்களிடம் இருக்கிறது. அங்கே விஏஆர் வேண்டாம் என்று முடிவாயிற்று.

திருத்தத்துக்கு வழிகள் இருக்கின்றன. தாக்கும் வீரரின் உடல் முழுவதும் தடுப்பாட்டக்காரரைத் தாண்டியிருந்தால் மட்டுமே ஆஃப்சைடு என்பது முன்னாள் பயிற்சியாளர் ஆர்சன் வெங்கரின் யோசனை. பயிற்சியாளர் இருமுறை மட்டும் மறுபரிசீலனை கேட்கலாம் என்ற முறையை, 2024-இல் கொலம்பியாவில் நடந்த 20 வயதுக்கு உட்பட்ட மகளிர் உலகக் கோப்பையில் ஃபிஃபா சோதித்தது. கோல் கோட்டுத் தொழில்நுட்பத்தோடு இவ்விரண்டையும் பெரிய லீக்குகளுக்குக் கொண்டுவர வேண்டும். யாரும் கேட்காமலேயே ஒவ்வொரு கோலையும் துருவிப் பார்க்கும் இன்றைய வழக்கத்தைக் கால்பந்து விதிகளை வகுக்கும் குழு கைவிட வேண்டும்.