யார் செலவில் இப்பாடம்?

தொழில் நிறுவனங்களும் கல்விக்கூடங்களும் கைகோத்து, சுற்றுச்சூழலுக்கு ஊறு செய்யாத பொட்டலமுறையை மாணவர்க்குக் கற்பிக்க வேண்டும் என்பது இன்று மேடைதோறும் ஒலிக்கும் முழக்கம். மறுப்பார் இலர். ஆயினும், யார் செலவில், யார் வகுத்த பாடத்தை என்று கேட்டால் மேடை மௌனமாகிவிடுகிறது. பேராக் தமிழர்க்கு இதனைக் கேட்கும் உரிமை மற்றெவரினும் மிகுதி. இம்மாநிலத்து ரப்பர்த் தோட்டங்கள் இத்தகைய கூட்டுறவை முன்பே கண்டவை.

ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றியது. ஏற்றுமதி ரப்பர்மீது விதித்த தீர்வையே அதன் வருவாய். முதலாளிகள் மனமிரங்கி அளித்த நன்கொடை அன்று. சட்டம் வாங்கிய பணம். அதனால் வளர்ந்த அறிவு பொட்டலத்தையும் மாற்றியது. புகையூட்டிய ரப்பர்த் தாள்களை 250 இராத்தல் பெருங்கட்டுகளாக அழுத்தி, மேலே வெள்ளைப் பூச்சுப் பூசி அனுப்புவது பழைய வழக்கம். தரத்தைக் கண்ணால் பார்த்தே மதித்தனர். அழுக்கு ஒட்டியது. செயற்கை ரப்பரோ தூய சிறு கட்டுகளாக வந்து சந்தையைப் பிடித்தது. அடி விழுந்த பின்னரே விழிப்பு வந்தது. 1965இல் மலேசியத் தர ரப்பர் திட்டம் பிறந்தது. ஏறத்தாழ 33 கிலோ எடையுள்ள கட்டு. அதன்மேல் மெல்லிய பாலிதீன் உறை. டயர்த் தொழிற்சாலையில் அவ்வுறையை உரிக்க வேண்டுவதில்லை. கலவை இயந்திரத்தின் வெப்பத்தில் உருகி ரப்பரோடு கலந்துவிடும்படி அதன் தடிமனும் உருகுநிலையும் வரையறுக்கப்பட்டன. தனியே குப்பையாய் மிஞ்சாத பொட்டலம்!

அந்த ரப்பருக்குப் பால் வெட்டியவரின் பிள்ளைகள் என்ன கற்றனர்? பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். வைத்தார்கள், சட்டம் கேட்ட அளவுக்கே வைத்தார்கள். பல தோட்டங்களில் கொட்டகையே பள்ளி, கங்காணியோ கிராணியோ ஆசிரியர். ரப்பருக்கு ஆராய்ச்சிக்கூடம், பிள்ளைக்குக் கொட்டகை.

தைப்பிங்கில் குடிநீர் அடைக்கும் ஸ்பிரிட்சர் உட்படப் பத்து நிறுவனங்கள் 2021இல் மலேசிய மறுசுழற்சிக் கூட்டணியைத் தொடங்கின. நல்லதே, ஆயினும் அது தாமாக முன்வந்த ஏற்பாடு. தாமாக வந்தவர் தாமாகவே விலகவும் கூடும். நம் வகுப்பறைக்கு வந்து சேரும் பாடமோ, குப்பையைத் தொட்டியில் போடு என்பதோடு முடிகிறது. நெகிழியும் அலுமினியமும் அடுக்கடுக்காய் ஒட்டிய நொறுக்குத்தீனிப் பையைப் பிரித்து மறுசுழற்சி செய்வது பெரும்பாடு என்பதை அப்பாடம் ஏன் சொல்வதில்லை? அப்பையை வடிவமைத்தவன் மாணவன் அல்லனே!

கம்பாரில் துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழகம் உண்டு; ஸ்ரீ இஸ்கண்டாரில் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உண்டு. பின்னதன் பெயரிலேயே எண்ணெய் நிறுவனம் நிற்கிறது. நெகிழிக்கு மூலப்பொருள் எண்ணெயும் எரிவாயுவுமே. பழிக்கவில்லை, பணம் தரும் கையும் பாடம் எழுதும் கையும் வேறாக இருக்கட்டும் என்கிறேன். பொட்டலப் பொருள் ஒவ்வொரு டன்னுக்கும் தீர்வை விதித்து, அதனைப் பொதுநிதியாக்குக. விலை ஏறும் என்பர். ரப்பர்த் தீர்வையால் எந்த முதலாளி நொடித்தார்? பின்னாளில் பால்மரத்தை வீழ்த்திச் செம்பனை நட்டது வேறு கணக்கு.

அந்நிதியில் எழும் ஆய்வுக்கூடங்களின் கதவு ஈப்போ, சுங்கை சிப்புட் தமிழ்ப்பள்ளி மாணவர்க்கும் திறக்க வேண்டும். பாடநூற்குழுவில் தமிழாசிரியர் அமர வேண்டும். 1965ஆம் ஆண்டின் அந்த உருகும் உறையே முதற்பாடமாகட்டும்.